பேட்ஜுக்கு வந்த வியாதி

சமையலறையில் மிக்ஸி அலறத் தொடங்கியதும் படுக்கையறையில் படுத்திருந்த அமீருதீன் கண்களை இறுக மூடிக்கொண்டார். பீட்ரூட். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கேரட் என்றால் மிக்ஸி முதலில் திக்கும். மாதுளை என்றால் முனகலோடு சரி. பீட்ரூட்தான் இப்படித் தொண்டை கட்டியவன் ஒப்பாரி வைப்பது போல ஆரம்பிக்கும். ஆறு வாரமாக நாளுக்கு இரண்டு டம்ளர். போன செவ்வாய்க்கிழமை பாத்ரூமில் சிவப்பாகப் போனதைப் பார்த்து, முடிந்தது கதை என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்லியிருக்கிறார். பிறகுதான் முந்தின நாள் குடித்தது பீட்ரூட் என்பது நினைவுக்கு வந்தது.

மெஹர் பானு டம்ளரோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் குடித்து முடித்ததும் மீசையில் ஒட்டியிருந்த சிவப்பைத் தன் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டாள். இருபத்தெட்டு வருட இல்லறத்தில் அவள் அவர் வாயைத் துடைத்ததே கிடையாது. மூடச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. சர்ச்சிலிருந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்த ஜோசலின் அக்காவாகத்தான் இருக்க வேண்டும். அமீருதீன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஜோசலின் சிட்லபாக்கத்தில் அவர்களுக்கு அடுத்த தெருக்காரி. பொத்தேரிப் பக்கம் ஒரு லேபில், மனித ரத்தத்தின் செல்களுக்குள் இருக்கும் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது அவள் உத்தியோகம். அமீருதீனின் ரத்தம் அவளிடம்தான் போயிருந்தது. மறுநாள் மருத்துவமனையில் விசாரணைக் கூட்டம். அதற்கு முன் வீட்டிலேயே வந்து சொல்லிவிடுகிறேன் என்று மெஹர் பானுவிடம் போனில் சொல்லியிருந்தாள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்டதற்கு, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக மெஹர் பானு இரண்டு நாள் அழுதிருந்தாள்.

இவ்வளவும் எதற்கு என்று தெரிய வேண்டுமானால் அமீருதீன் யார் என்பது தெரிய வேண்டும்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் முப்பது வருடமாக எக்ஸ்ரே டெக்னீஷியன். குரோம்பேட்டையிலிருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் இருக்கிற ஜனங்களில் பாதிப் பேரின் நெஞ்சுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முகம்தான் தெரியாது. சண்முகம் சாலை மார்க்கெட்டில் யாராவது வணக்கம் வைத்தால் திருதிருவென்று விழிப்பார். “போன வருஷம் வந்தேனே பாய், இடது பக்கம் நாலாவது விலா எலும்பு” என்றால், பிரிந்த தம்பியைக் கண்டது போல முகம் மலர்ந்துவிடும்.

பெண் பார்க்கும் முன்பே எலும்பைப் பார்த்த மாப்பிள்ளை அவர். மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து வழுக்கி விழுந்த மெஹர் பானு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரிடம் வந்தாள். அசையாமல் இரு என்றார். அசைந்தாள். மூன்று ஃபிலிம் வீணானது. அவர் கத்த, உங்கள் மெஷின் மெதுவாக வேலை செய்தால் என் கை என்ன பண்ணும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டிலிருந்து அந்தக் கையைக் கேட்டுப் போனார்கள். ஒரே மகள் மெஹ்னாஸ் இப்போது ஷார்ஜாவில், புருஷன் குழந்தையோடு.

வெளியே அவர் ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் அவர் சொல்லி ஒரு மின்விசிறிகூட நின்றதில்லை. ஆனால் எக்ஸ்ரே அறைக்குள் அவர் ராஜா. கவுன்சிலர் வரட்டும், ரவுடி வரட்டும், சட்டையைக் கழற்றிவிட்டுத் தாடையைத் தூக்கி நிற்க வேண்டும். ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்பார். பிடிப்பார்கள். “விடுங்க” என்றால்தான் விடலாம். முப்பது வருடமாகத் தாம்பரம் அவரைக் கேட்டுத்தான் மூச்சு விட்டிருக்கிறது. அந்த அறைதான் அவருடைய ராஜ்ஜியம். அதுதான் இப்போது ஆபத்தில் இருந்தது.

ஆபத்துக்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ். கதிர்வீச்சோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதற்குள் இருக்கும் சின்ன வில்லைகள் நினைவில் வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பினால் கணக்கு வரும். அமீருதீனுக்கு முப்பது வருடமாக வந்தது பூஜ்ஜியம். நூற்றிருபது முறை பூஜ்ஜியம். தடுப்புக்குப் பின்னால் ஒழுங்காக நிற்பவனுக்கு அது கிடைத்தற்கரிய நற்சான்றிதழ். ஆனால் பக்கத்து ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் சம்பந்தம் அதை அப்படிப் பார்க்கவில்லை.

“இன்னா பாய், ஸ்கூல்லதான் முட்டை வாங்கினன்னு பார்த்தா, இங்கயும் முட்டை வாங்கிகினே கீறியே. அதுக்குள்ள மெய்யாலுமே எதுனா கீதா, இல்ல கல்யாண வூட்டு ரோஜாப்பூ மாதிரி சும்மா குத்தி வுட்டாங்களா?”

இதைச் சொல்லிவிட்டு சம்பந்தம் டீ குடிக்கப் போய்விட்டான். அமீருதீனால் போக முடியவில்லை. நூற்றிருபது பூஜ்ஜியங்களும் வரிசை கட்டி வந்து அவரைப் பார்த்துச் சிரித்தன. ஒரு சித்திரை மாத மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பேட்ஜைக் கழற்றி எக்ஸ்ரே மேஜையில் படுக்க வைத்தார். பருத்த ஆளின் வயிற்றுக்கு வைக்கும் அளவை வைத்தார். தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். பழக்க தோஷத்தில், “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று பேட்ஜுக்கும் சொன்னார். பித்தானை அழுத்தினார். ஒன்று போதுமா என்ற சந்தேகம். ஐந்து. ஐந்தும் போதாதோ என்னவோ. இருபத்தைந்தில் நிறுத்தினார். பேட்ஜை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டு, சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இல்லை. அப்போ இது வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி டிபன் பாக்ஸைத் திறந்தார்.

பேட்ஜ் மிகச் சிறப்பாக வேலை செய்தது. உடம்பில் படும் கதிர் வருடத்துக்குச் சராசரி இருபது மில்லிசீவர்ட் தாண்டக்கூடாது என்பது சட்டம். அமீருதீன் ஒரே காலாண்டில் நூற்றுப் பன்னிரண்டு வாங்கிவிட்டதாகக் கடிதம் வந்தது.

மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் ஸ்ரீநிவாசராகவன். கடிதத்தைப் படித்துவிட்டு அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். அதிலேயே அமீருதீனின் தைரியம் போய்விட்டது. இது எப்படி நேர்ந்தது என்று கேட்டதற்கு, தெரியவில்லை சார் என்றார். ஒரே ஒரு பொய். அதன் பிறகு எல்லாம் தானாக நடந்தது. எக்ஸ்ரே மெஷினைச் சோதிக்க ஆள் வந்தது. அவருடைய ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். விசாரணைப் படிவத்தில் ‘நேர்ந்த விதம்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அது நிரம்பும்வரை அறைக்குள் நுழையக்கூடாது என்று டோக்கன் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். ராஜா இப்போது, “நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு யாருங்க” என்று கத்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் விஷயம் வேறு மாதிரி போனது. கொழுந்தியாள் சாஹிரா பார்க்க வந்து, சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, செல்போனைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். எக்ஸ்ரே உடம்பில் தங்காது, விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவது மாதிரி போய்விடும் என்று அமீருதீன் எவ்வளவு சொல்லியும் அவள் டீ குடிக்கவில்லை. ஷார்ஜாவிலிருந்து மெஹ்னாஸ் தினமும் வீடியோ காலில் வந்து, எங்கேயோ படித்ததைச் சொல்லி அழுதாள். மெஹர் பானு மட்டும் அழவில்லை, முதலில். ஆட்டுக்கால் பாயா வைத்தாள். முட்டை அவித்தாள். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். சாப்பிட்டீர்களா என்று மதியம் போன் செய்தாள். இருபத்தெட்டு வருடத்தில் மதியப் போன் என்றால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் சாப்பிட்டாரா என்பதற்காக மணி அடித்தது.

உண்மையைச் சொல்லலாம் என்று அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் அதற்குள் ஒரு ஸ்பூன் பாயா நுழைந்துவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இருபத்தைந்து ஷாட்டில் தன்மேல் ஒரு துளியும் படவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திமிறுகிற குழந்தைகளையும் நிற்க முடியாத கிழவர்களையும் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது. ஈய ஏப்ரன் ஒன்றுதான். அதையும் டாக்டர் மாட்டிக்கொண்டு போயிருப்பார். பேட்ஜைப் பத்திரமாக மேஜை டிராயரில் வைத்துவிட்டு, இவரே பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி எத்தனை முறை என்று அவர் எண்ணியதில்லை. இப்போது ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய் ஒருத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள். பொய்யான வியாதிக்குப் பீட்ரூட் குடிக்கும்போது, நிஜமான வியாதி ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

ஜோசலின் ஹாலில் உட்கார்ந்து, பைபிள் இருந்த பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். மெஹர் பானு சுவரோடு சாய்ந்து நின்றாள். அமீருதீன் நாற்காலி நுனியில்.

நேரே முடிவைச் சொல்கிற பழக்கம் ஜோசலினுக்கு இல்லை. முப்பது வருடம் மைக்ராஸ்கோப்போடு பேசியவள். மனிதர்கள் கிடைத்தால் விடமாட்டாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான நூல் இருக்கிறது, அதை நாற்பத்தாறு துண்டாகச் சுருட்டி வைத்திருக்கிறது என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இடுப்பு. செல் இரண்டாகப் பிரியும்போது இடுப்பைப் பிடித்துத்தான் இழுத்துப் பங்கு போடும். எக்ஸ்ரே பட்டால் நூல் அறுந்துபோகும். படாவிட்டாலும் அறுந்துபோகும். வெயிலால், புகையால், நாம் இழுக்கிற மூச்சுக்காற்றால், நகல் எடுக்கையில் வருகிற தப்பால், ஒவ்வொரு செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கில் ஏதாவது கெட்டுக்கொண்டே இருக்கிறது. ஒட்டுப்போட உள்ளேயே ஆட்கள் உண்டு. பெரும்பாலும் சரியாக ஒட்டிவிடுவார்கள். ஒரே நேரத்தில் நிறைய அறுந்தால்தான் குழப்பம். இதன் நுனியை அதன் நுனியோடு ஒட்டி, ஒரே குரோமோசோமுக்கு இரண்டு இடுப்பு வந்துவிடும். அடுத்த முறை பிரியும்போது ஓர் இடுப்பை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இழுப்பார்கள். கிழியும். கிழிந்ததை மறுபடி தப்பாக ஒட்டுவார்கள். மறுபடி இழுப்பார்கள். தலைமுறைக்குத் தலைமுறை கந்தலாகிக்கொண்டே போகும்.

“எங்க பெரியம்மா வீட்டுச் சொத்து மாதிரி” என்றாள் மெஹர் பானு.

அதேதான் என்றாள் ஜோசலின். அப்படிக் கந்தலான செல் பெரும்பாலும் தானே செத்துவிடும். சாகாமல், கேட்பாரில்லாமல் பெருக ஆரம்பித்தால் அதற்குப் பெயர்தான் கேன்சர்.

மெஹர் பானுவின் கை சுவரைத் தேடியது. ஜோசலின் அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

“ஐயோ, உக்காரும்மா. பாய் ரத்தத்துல ஐந்நூறு செல் எண்ணினேன். இரண்டு இடுப்பு ஒண்ணுகூட இல்ல. பேட்ஜ் சொல்ற அளவு நிஜமா உடம்புல பட்டிருந்தா குறைஞ்சது ரெண்டு மூணு கிடைச்சிருக்கணும்.”

மெஹர் பானு உட்காரவில்லை. அப்படியே தரையில் சரிந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். ஆறு வாரமாகத் தேக்கி வைத்திருந்ததில் மிச்சமும் வந்தது. அமீருதீன் குனிந்து, மெல்லிய குரலில் ஜோசலினைக் கேட்டார்.

“பழசு ஏதாவது இருந்தா தெரியுமா மேடம்? ரொம்பப் பழசு.”

“பழசு இதுல தெரியாது பாய். அப்ப அடிபட்ட செல்லெல்லாம் எப்பவோ கழிஞ்சிருக்கும். இத்தனை வருஷமா ஒண்ணும் வரலல்ல? உள்ள இருக்கிற கொத்தனாருங்க ஒழுங்கா வேலை பார்த்திருக்காங்கன்னு நினைச்சுக்குங்க.”

அது முழு ஆறுதல் இல்லை. ஆனாலும் முப்பது வருடக் கொத்தனார்களை நினைத்து அவர் ஒரு முறை நெஞ்சைத் தடவிக்கொடுத்தார். இவர் பீட்ரூட்டை எட்டிக்கூடப் பார்க்காத காலத்திலேயே அவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள், பாவம்.

பிறகு ஜோசலின் அந்தக் காலிக் கட்டத்துக்கு வந்தாள். ரத்தம் சுத்தம், பேட்ஜ் மட்டும் அழுக்கு. எனில் ஆளில்லாமல் பேட்ஜ் எப்படி அடி வாங்கியது என்று எழுதியாக வேண்டும். நிறையப் பேர் பேட்ஜைக் கழற்றி எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், இவரும் தொழுகைக்குப் போகும்போது கழற்றி மறந்து வைத்துவிட்டார் என்று எழுதினால் நாளைக்கே முடிந்துவிடும் என்றாள். விசாரணைப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

சொர்க்கத்தின் கதவு திறந்தது. அமீருதீன் கையை நீட்டினார்.

“எழுதாதீங்க” என்றாள் மெஹர் பானு, தரையிலிருந்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இவரா மறந்து வைப்பாரு? வாசல்ல செருப்பைக்கூடக் கோணலா விடமாட்டாரு அக்கா. பெருநாள் தொழுகைக்கே பேட்ஜைக் குத்திக்கினு போன மனுஷன். இது அந்த சம்பந்தம் வேலை. பொறாமை. நாளைக்கு நான் மீட்டிங்குக்கு வரேன். எல்லார் முன்னாடியும் அவனை நிக்க வச்சுக் கேக்குறேன்.”

கேட்பாள். அதில் அமீருதீனுக்குச் சந்தேகமே இல்லை. நாளை பத்து மணிக்கு ஸ்ரீநிவாசராகவன் முன்னால், டீயும் கிண்டலும் தவிர வேறு பாவம் அறியாத சம்பந்தத்தின் சட்டையை அவள் பிடித்திருப்பாள். ஒரே ஒரு பொய். அதைச் சரியாக ஒட்டாமல் விட்டதில் இப்போது இரண்டு பக்கமும் இழுக்கிறது.

“நான்தான் பானு.”

“என்ன நீங்கதான்?”

சொன்னார். சித்திரை மாத மதியம், பருத்த ஆளின் அளவு, இருபத்தைந்து. பேட்ஜை மூச்சைப் பிடிக்கச் சொன்னதை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைத்து, பிறகு அதையும் சொன்னார். ஜோசலின் கவரை முகத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டாள். கவர் குலுங்கியது.

மெஹர் பானு சிரிக்கவில்லை. “அப்ப ஆறு வாரமா எனக்கு ஏன் சொல்லல?”

“நீ சாப்டீங்களான்னு போன் பண்ணே” என்றார் அவர். “அதான்.”

 மின்விசிறி, யார் சொல்லியும் நிற்காமல், சுற்றிக்கொண்டிருந்தது. மெஹர் பானு அவரையே பார்த்தாள். காலி டம்ளரை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் எங்கே நின்று கண்ணைத் துடைத்தாள் என்பது அமீருதீனுக்குத் தெரியாது.

ஜோசலின் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். ‘பேட்ஜ் வேலை செய்கிறதா என்று அறிய, நானே அதன்மேல் இருபத்தைந்து முறை கதிர் செலுத்தினேன்.’ வாசிக்கவே வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். ஸ்ரீநிவாசராகவன் கத்துவார், ஒரு மூன்று மாதம் டோக்கன் கவுண்டரிலேயே வைப்பார், பாடம் நடத்துவார் என்றாள் ஜோசலின். ஆனால் பேட்ஜும் ரத்தமும் சொல்வதோடு இந்த வரி ஒத்துப்போகிறது; அதனால் அறை திரும்பக் கிடைக்கும். பூஜ்ஜியம் வாங்குகிறவனை யாரும் வெளியே உட்காரவைக்க மாட்டார்கள்.

அவளுக்கும் பீட்ரூட் கொடுத்தார்கள். இனி அது இந்த வீட்டில் செலவாகப் போவதில்லை என்று மெஹர் பானு சொன்ன விதத்தில் அமீருதீனுக்குக் கொஞ்சம் குளிர் எடுத்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது ஜோசலினுக்கு ஏதோ நினைவுக்கு வந்தது. சாயம் ஏற்றி இன்னும் இருபது செல்லைத் தனியாகப் பார்த்தேன், இரண்டில் ஒய் குரோமோசோமைக் காணோம் என்றாள். ஆண்களுக்கு மட்டும் இருக்கிற குரோமோசோம் அது. வயதானால் ரத்த செல்களிலிருந்து நழுவுவது சகஜம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

“இந்த வயசுக்குக் கொஞ்சம் சீக்கிரமா இருக்கேன்னு பார்த்தேன். சிகரெட் பிடிக்கிறவங்களுக்குத்தான் இது ஜாஸ்தி. நிறுத்தினா குறையும்னு சொல்றாங்க. உங்க ஃபார்ம்ல பழக்கம் இல்லன்னு போட்டிருந்துது. அதான் கேக்கலாமேன்னு.”

அமீருதீன் கூரையைப் பார்த்தார். ஸ்கேன் அறைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம், சம்பந்தமும் அவரும் ஒரே தீக்குச்சியில் பற்றவைக்கிற அந்த இடம் கூரையில் தெரிந்தது. மெஹ்னாஸ் பிறந்த அன்றைக்கு விட்டதாக அவர் சத்தியம் செய்த விஷயம்.

“வரேன்மா” என்றாள் ஜோசலின். மெஹர் பானு அதற்குள் புருஷன் பக்கம் திரும்பிவிட்டதால் ஜோசலின் தானே படியிறங்கினாள். கேட்டைத் தாண்டும்போது பின்னால் மெஹர் பானுவின் குரல் கேட்டது. கத்தவில்லை. அமைதியான, வேலை தெரிந்த குரல்.

“மூச்சை இழுத்துப் பிடிங்க.”

கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழுந்தது.